பெரிய கார்கள் எங்கே போயின?

“பிளஷர்” என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் காருக்கு வழங்கிய பெயர் அது. சரக்கு ஏற்றுவது லாரி. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது பஸ். சொந்தமாக வைத்துக்கொண்டு சுகமாகப் போய் வருவது பிளஷர். இன்பம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் இங்கே ஒரு வண்டிக்குப் பெயராகிவிட்டது.

அந்தப் பிளஷர்களில் பல அமெரிக்கக் கார்கள். ஃபோர்டு, செவர்லே, பியூக், டாட்ஜ், பிளைமவுத் என்னும் பெயர்கள் நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 1969ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலும் 1971ஆம் ஆண்டுத் தேர்தலிலும் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராசர் பயணம் செய்த காரும் ஒரு செவர்லேதான். எம்.டி.டி. 2727 என்பது அதன் எண். பல ஆண்டுகள் சென்னையில் ஓடாமல் நின்ற அந்தக் கார், அண்மைக் காலத்தில் செப்பனிடப்பட்டு மீண்டும் பளபளப்பாகியிருக்கிறது.

இப்படிப்பட்ட பழைய அமெரிக்கக் கார் ஒன்று எங்கேனும் விற்பனைக்கு வந்தால் போதும், ஆர்வலர்கள் கூடிவிடுகிறார்கள். வாங்க வருபவர்களைவிடப் பார்க்க வருபவர்களே மிகுதி. முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். குரோமியப் பூச்சைத் தடவிப் பார்க்கிறார்கள். கதவை மூடி அதன் ஓசையைக் கேட்கிறார்கள். “அடேயப்பா, எவ்வளவு பெரிது!” என்பதே எல்லோர் வாயிலும் வரும் முதல் சொல்.

அவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள்? அதற்குள் என்ன இருந்தது? இன்று அவை ஏன் சாலையில் இல்லை? பார்ப்போமா?

விண்டேஜ் என்பது அறுவடை

இத்தகைய பழைய கார்களை “விண்டேஜ்” கார்கள் என்கிறார்கள். இது திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த சொல். ஓர் ஆண்டின் திராட்சை அறுவடையையும், அந்த அறுவடையிலிருந்து செய்த மதுவையும் அது குறிக்கும். “இது கன்னிப்பூ நெல்லா, கும்பப்பூ நெல்லா?” என்று நாஞ்சில் நாட்டில் கேட்பதில்லையா? அதுபோல, எந்த ஆண்டில் விளைந்தது என்று கேட்டு மதிப்பிடும் வழக்கம் மதுவிலிருந்து காருக்கு வந்து சேர்ந்தது. கண்டிப்பான கணக்கில், 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவையே விண்டேஜ் கார்கள். பொதுப் பேச்சில் அரை நூற்றாண்டு கடந்த எல்லாக் கார்களையும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

கடல் கடந்து வந்த கதை

அமெரிக்கக் கார்கள் முழு வண்டிகளாகவும் இங்கே கப்பலில் வந்தன. பெட்டிகளில் உறுப்புகளாகவும் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் ஓர் ஆலை தொடங்கி, வந்த உறுப்புகளைப் பூட்டிக் கார்களாக்கி விற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் கனடா நாட்டுக் கிளை, 1930களில் சென்னையிலும் அவ்வாறு செய்தது. கனடா ஏன் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். நமக்கு இது நேர்மாறு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்கு வேண்டிய வலப்பக்க ஓட்டுநர் இருக்கைக் கார்களைக் கனடாவிலிருந்து அனுப்புவது வசதியாக இருந்தது. அந்நாடுகளுக்குள் நடந்த வாணிகத்துக்குத் தீர்வைச் சலுகையும் உண்டு.

அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை சிமெண்டுக் கான்கிரீட் இட்ட சாலையை அந்த அரசு அமைத்தது. பெரிய கார்கள் ஓட நல்ல சாலை கிடைத்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்களும் கார்களும் பின்புறத்தில் ஓர் இரும்பு அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. அடுப்பில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அந்த வாயுவே பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் சென்று எரிந்தது. “கரி வண்டி” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1947 முதல் பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் டாட்ஜ், பிளைமவுத் கார்களைப் பூட்டி விற்றது. உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்யவேண்டும் என்று அரசு 1953இல் வற்புறுத்தியதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தம் ஆலைகளை மூடிவிட்டுச் சென்றன. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கும் கடுமையான தடைகள் வந்தன. அதன் பிறகு புதிய அமெரிக்கக் கார் நம் ஊருக்கு வருவது அரிதாயிற்று. இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின.

எவ்வளவு பெரிது?

மிகப் பெரிய அமெரிக்கக் கார்களுக்கு எடுத்துக்காட்டாக 1959ஆம் ஆண்டின் கேடிலாக் காரை எடுத்துக்கொள்வோம். இன்றும் விற்பனைக்கு வந்தால் அதிகம் பேர் மொய்க்கும் கார்களில் அது ஒன்று. அதன் நீளம் சுமார் 5.7 மீட்டர். உங்கள் வகுப்பறை 20 அடி நீளம் என்றால், அந்தக் காரை உள்ளே நிறுத்திய பிறகு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஓரடி இடம்தான் மிஞ்சும். அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் 2,200 கிலோகிராம்.

1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி 800 காரை இதன் பக்கத்தில் நிறுத்துங்கள். நீளம் 3.3 மீட்டர்; எடை சுமார் 650 கிலோகிராம். மூன்று மாருதிகளைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் மறு தட்டில் உள்ள கேடிலாக் மேலே எழும்பாது.

இதைவிட வியப்பானது எஞ்சின் கணக்கு. பெட்ரோல் எரியும் உருளையைச் சிலிண்டர் என்கிறோம். கேடிலாக் எஞ்சினில் எட்டு உருளைகள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 6.4 லிட்டர். எட்டால் வகுத்துப் பாருங்கள். ஓர் உருளைக்கு 0.8 லிட்டர், அதாவது சுமார் 800 கன சென்டிமீட்டர். மாருதி 800 எஞ்சினின் மூன்று உருளைகளும் சேர்ந்த கொள்ளளவே 796 கன சென்டிமீட்டர்தான்! மாருதியின் முழு எஞ்சினும் கேடிலாக்கின் ஒரே ஓர் உருளைக்குச் சமம்.

எட்டு உருளைகள் எதற்கு?

கார் எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. முதல் வீச்சில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் அதை அமுக்குகிறது. மூன்றாம் வீச்சின் தொடக்கத்தில் மின்பொறி பட்டுக் கலவை எரிய, பிஸ்டன் வேகமாகத் தள்ளப்படுகிறது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகிறது. நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் வேலை செய்யும் வீச்சு என்பதைக் கவனியுங்கள். நான்கு வீச்சுகளும் முடிவதற்குள் எஞ்சினின் தண்டு இரண்டு முறை சுற்றிவிடும்.

ஒரே உருளை இருந்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தள்ளல் கிடைக்கும். “டப்... டப்...” என்று வண்டி குலுங்கும். ஒருவர் மட்டும் உலக்கை போட்டால் ஒவ்வொரு குத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தினால் இடைவெளி குறைகிறது. எட்டு உருளைகள் முறை வைத்துத் தள்ளினால் ஒரு சுற்றுக்கு நான்கு தள்ளல். அதாவது 90 பாகைக்கு ஒன்று. ஒரு தள்ளல் ஓய்வதற்கு முன்பே அடுத்தது தொடங்கிவிடும். அதிர்வு மிகக் குறைவு. எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஐயுறும் அளவுக்கு அமைதி கிடைக்கும். செல்வர்கள் விரும்பி விலை கொடுத்தது இந்த அமைதிக்கே.

எட்டு உருளைகளை நான்கு நான்காக ஆங்கில “வி” எழுத்துப் போலச் சாய்த்து அமைத்த எஞ்சினை 1914இல் கேடிலாக் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1930இல் அதே நிறுவனம் பதினாறு உருளைகள் கொண்ட எஞ்சினையே கொண்டுவந்தது. டூசன்பெர்க் என்னும் அமெரிக்க நிறுவனம் 6.9 லிட்டர் எஞ்சின் பூட்டிய கார்களைச் செய்தது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அப்படியொரு காரை 1930களில் வரவழைத்து வைத்திருந்தார்.

பெரிய காரில் பிறந்த சிறிய வசதிகள்

இந்தப் பெரிய கார்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்று சிறிய காரிலும் இருக்கும் பல வசதிகள் முதன்முதலில் பிறந்தது இவற்றில்தான்.

முன்பெல்லாம் காரின் முன்புறத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பவேண்டும். கம்பி திருப்பி அடித்துக் கை எலும்பு முறிந்தவர்கள் பலர். சார்லஸ் கெட்டரிங் என்பார் மின்கல அடுக்கால் ஓடும் சிறு மோட்டாரை வைத்து எஞ்சினைக் கிளப்பும் வழியைக் கண்டார். 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் அது இடம்பெற்றது. இன்று நாம் சாவியைத் திருப்புவதும் பொத்தானை அழுத்துவதும் அதன் வழிவந்தவையே.

காரைக் குளிரூட்டும் கருவி 1940ஆம் ஆண்டு மாதிரிப் பேக்கார்டு கார்களில் வந்தது. அதே ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் காரில் தானாகவே பல்சக்கரம் மாற்றும் அமைப்பு வந்தது. 1951இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் கார், எண்ணெய் அழுத்தத்தின் துணையால் கனமான சக்கரங்களையும் ஒரே விரலால் திருப்ப வழி செய்தது.

தானியங்கிப் பல்சக்கர அமைப்பின் உட்பொருளை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே நெருக்கமாக வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். மின் இணைப்பு இல்லாத மற்றொன்றும் காற்று பட்டு மெல்லச் சுழலத் தொடங்கும். ஓல்ட்ஸ்மொபைல் காரில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய். எஞ்சினோடு இணைந்த விசிறி எண்ணெயைச் சுழற்றும். அந்த எண்ணெய் எதிரே உள்ள விசிறியைச் சுழற்றும். அது சக்கரங்களை ஓட்டும். வண்டி நிற்கும்போது ஒரு விசிறி சுழல, மற்றொன்று அசையாமல் இருக்கலாம். ஆகையால் எஞ்சின் நின்றுபோகாது. கிளட்சை மிதிக்கவும் வேண்டாம்.

பறக்காத இறக்கைகள்

எல்லாப் பெருமையும் பயனுள்ளதாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1959 கேடிலாக்கின் பின்புறத்தில் சுறாமீனின் துடுப்புப் போல இரண்டு உயரமான தகட்டு இறக்கைகள் நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல் காலத்தில், போர் விமானமான பி-38 லைட்னிங்கின் இரட்டை வாலைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. 1948இல் சிறிய மேடாகத் தொடங்கி ஆண்டுதோறும் வளர்ந்தது. காரின் ஓட்டத்துக்கு அதனால் கணிசமான நன்மை ஏதுமில்லை. “இது இந்த ஆண்டு மாதிரி” என்று தெருவில் நிற்பவர்கள் அறிந்துகொள்ளவே அது பயன்பட்டது. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினால் பழைய காரை விற்றுப் புதியதை வாங்குவார்கள் அல்லவா?

அமெரிக்காவில் அப்போது பெட்ரோல் மிக மலிவு. சாலைகள் அகலம்; ஊர்களுக்கு இடையே தொலைவு அதிகம். வீட்டுக்கு வீடு கார் நிறுத்த இடமும் இருந்தது. பெரிய கார் செய்வதைத் தடுக்க எதுவுமில்லை.

கணக்குப் பார்ப்போம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். 1959 கேடிலாக் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடும். போய்ச் சேர 14 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு நாலரை லிட்டருக்கும் குறைவாகவே போதும். இரண்டிலும் போவது அதே நான்கு பேர் என்றால், மிச்சப் பெட்ரோல் எங்கே போயிற்று?

பெரும்பகுதி அந்தக் காரின் இரும்பையே இழுத்துச் செல்வதில் போயிற்று. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தில் 2,200 கிலோகிராம் காரின் ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். 650 கிலோகிராம் காரின் ஆற்றல் சுமார் 90 ஆயிரம் ஜூல். வடசேரி போன்ற நெரிசலான இடத்தில் பிரேக் போட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். மீண்டும் கிளம்ப அவ்வளவையும் பெட்ரோலிலிருந்து புதிதாகப் பெறவேண்டும்.

பெட்ரோலில் கலந்த நஞ்சு

பெட்ரோல் செலவைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. எஞ்சினில் கலவையை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு ஆற்றல் கிடைக்கும். 1959 கேடிலாக் பத்தரை மடங்கு அமுக்கியது. ஆனால் அளவு கடந்து அமுக்கினால், தரம் குறைந்த பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து எஞ்சினைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டும். இதை “நாக்கிங்” என்பார்கள்.

1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் ஆய்வாளர், டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் இந்தத் தட்டல் நிற்பதைக் கண்டார். அந்தச் சேர்மம் எஞ்சினுக்கு நன்மை செய்தது, மனிதருக்கோ நஞ்சாயிற்று. 1924இல் அதைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. உலகெங்கும் கார்ப் புகையோடு ஈயம் வெளியேறி மண்ணிலும் தூசியிலும் படிந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சாலையோரத்தில் விளையாடிய குழந்தைகள், காரில் ஏறாமலே அதன் விலையைக் கொடுத்தார்கள்.

இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாள் தொடங்கி ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கண்டுபிடித்ததிலிருந்து நிறுத்தும்வரை நூறு ஆண்டுகள் ஆயின!

கனமானது வலிமையானதா?

“அந்தக் காலத்துக் கார், இரும்புக் கோட்டை, இடித்தால் இடித்தவன்தான் நொறுங்குவான்” என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 2009இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம், 1959ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டுச் செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓரமாக எதிரெதிரே மோதவிட்டது. இரண்டின் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மோதிய பின் புதிய காரின் ஓட்டுநர் அறை ஏறக்குறைய முழுமையாக நின்றது. பழைய காரின் அறை நசுங்கியது. அதில் இருந்தது பொம்மை. மனிதராக இருந்தால் பிழைத்திருக்கமாட்டார்.

காரணம் எளிது. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிப்பீர்கள். நிற்கும் நேரம் நீளுகிறது; கையில் படும் விசை குறைகிறது. புதிய கார்களின் முன்பகுதி இதற்காகவே திட்டமிட்டு நசுங்குமாறு செய்யப்படுகிறது. அது நசுங்க நசுங்க, ஆட்கள் இருக்கும் அறை மெல்ல நிற்கிறது. அறையைச் சுற்றி உள்ள சட்டமோ நசுங்காத உறுதி வாய்ந்தது. பழைய காரில் இந்த ஏற்பாடு இல்லை. இருக்கைவார் பெரும்பாலும் கிடையாது. ஸ்டியரிங் தண்டு ஈட்டி போல ஓட்டுநரின் மார்பை நோக்கியே இருக்கும். தகடு தடிப்பாக இருந்தது உண்மை. அது காப்பாற்றும் வகையில் அமைக்கப்படவில்லை.

முடிவு வந்தது

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அமெரிக்காவிலேயே பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு லிட்டருக்கு இத்தனை தொலைவு ஓடியே ஆகவேண்டும் என்று 1975இல் அந்நாடு சட்டம் செய்தது.

1976ஆம் ஆண்டு கேடிலாக் எல்டொராடோவின் எஞ்சின் 8.2 லிட்டர், அதன் திறன் 190 குதிரைத்திறன். ஒரு லிட்டருக்கு 23 குதிரைத்திறன் ஆகிறது. புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் ஈயமில்லாத பெட்ரோலுக்காகவும் அமுக்கத்தைக் குறைத்திருந்தது இதற்கு ஒரு காரணம். மாருதி 800 எஞ்சின் 0.8 லிட்டரில் சுமார் 37 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 46! பெரிய எஞ்சினைவிடச் சிறிய எஞ்சின் தன் அளவுக்கு இருமடங்கு உழைத்தது. அடுத்த ஆண்டிலிருந்தே அமெரிக்கக் கார்கள் நீளத்திலும் எடையிலும் சுருங்கத் தொடங்கின.

விற்பனைக்கு வந்தால் எதைப் பார்ப்பார்கள்?

எஞ்சியிருக்கும் பெரிய கார்களை இன்று ஆர்வலர்கள் தேடிப் பிடித்துக் காக்கிறார்கள். தில்லியில் 1964 முதல் பழங்கார் ஊர்வலம் நடந்துவருகிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த அறக்கட்டளை 2015இல் ஒரு கார் அருங்காட்சியகத்தைத் திறந்தது. சுற்றுலா சென்றால் பார்த்து வாருங்கள்.

வாங்க வருபவர் முதலில் தேடுவது துருவை. நம் மாவட்டத்தில் இது மிக முக்கியம். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். உப்பும் சேர்ந்தால் ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகப் பாய்ந்து துரு விரைவாகப் பரவும். கடற்காற்று ஓயாத கன்னியாகுமரியில் திறந்த கொட்டகையில் நிறுத்திய கார், உள்நாட்டில் நிறுத்தியதைவிட விரைவில் அரிக்கும். பளபளக்கும் குரோமியப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்பீரம் இறங்கி அடியில் உள்ள இரும்பைத் தின்னும்.

துருவை மறைப்பதும் உண்டு. ஓட்டை விழுந்த தகட்டைப் பட்டி போட்டு மெழுகி, மேலே வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆர்வலர் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கதவின் அடிப்பகுதியில் நகர்த்திப் பார்ப்பார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும்; பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் நழுவும். பெரிய கருவிகள் வேண்டாம். ஆறாம் வகுப்பில் படித்த காந்தம் போதும்.

அடுத்து எஞ்சின். ஈயம், எஞ்சினின் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தையும் தடுத்துவந்தது. இன்றைய பெட்ரோலில் அது இல்லாததால், பழைய எஞ்சின்களில் அந்த இடத்தில் கடினமான உலோக வளையங்களைப் பொருத்துகிறார்கள். பொருத்தியாயிற்றா என்று கேட்பது அறிவுடைமை. பிறகு, சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

சட்டமும் இவற்றுக்குத் தனி இடம் தந்திருக்கிறது. மைய அரசு 2021இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பெரிய மாற்றம் செய்யப்படாததுமான வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் எண் பலகையில் “வி.ஏ.” என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆய்வுக்கும் சாலையில் கொண்டுவரலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. புகையையும் விபத்தையும் எண்ணிப் பார்த்தால் இது பொருத்தமான ஏற்பாடே.

இனி ஒரு பழைய பெரிய காரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எஞ்சினில் எத்தனை உருளைகள் என்று எண்ணுங்கள். இருக்கைவார் உண்டா, ஸ்டியரிங் தண்டு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் காந்தத்தையும் நகர்த்திப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் ஆட்டோவிலும் வாடகைக் காரிலும் அந்தப் பழைய காரிலிருந்து வந்தவை எவை எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சாவி போட்டதும் கிளம்பும் மோட்டாரிலிருந்து தொடங்கலாம். பெரிய கார்கள் எங்கே போயின என்ற கேள்விக்கு விடை அந்தப் பட்டியலில் இருக்கும்.